தான்சானியாவில் தன்னார்வப் பணி: முதல் பத்து நாள்களுக்கு ஒரு கையேடு

தான்சானியாவின் வடக்கே, கிளிமஞ்சாரோ மலையடியில் மோஷி. அதற்கு மேற்கே அருஷா. ஆப்பிரிக்காவுக்குத் தன்னார்வலராகக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் வந்து இறங்கும் ஊர்கள் இவை. பள்ளி, மருத்துவமனை, பெண்கள் சுயதொழில் குழு என்று வேலை எதுவானாலும், முதல் பத்து நாளில் ஆளைப் படுத்துபவை பெரும்பாலும் ஒரே விஷயங்கள்தான்: தப்பான விசா, பதிவாகாத சிம், கலங்கிய வயிறு, ஆறு மணி நேரம் பிசகிய சந்திப்பு. இதில் எதுவும் செய்ய வந்த வேலையைச் சேர்ந்ததல்ல. அதனால் வேலையைப் பற்றிய பேச்சு இங்கே கடைசியில்தான் வருகிறது.

விசா: கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியது

சம்பளம் வாங்காவிட்டாலும் வேலை வேலைதான். சுற்றுலா விசாவில் வந்து வகுப்பெடுப்பதும் வார்டில் நிற்பதும் தான்சானியச் சட்டப்படி குற்றம். குடிநுழைவு அதிகாரிகள் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் நேரில் வந்து பார்ப்பதுண்டு. மாட்டிக்கொண்டால் அபராதம், சில சமயம் நாடு கடத்தல். நிறுவனம் தப்பித்துக்கொள்ளும், பாஸ்போர்ட் உங்களுடையது.

சில வாரப் பணிக்குப் பொதுவாக வணிக விசா, நீண்ட பணிக்கு ‘சி’ வகுப்பு வசிப்பிட அனுமதி. தன்னார்வலர், மாணவர், ஆய்வாளர் எல்லாரும் வருவது இந்த ‘சி’ வகுப்பில்தான். உங்களுக்கு எது பொருந்தும், யார் விண்ணப்பிப்பது, கட்டணம் யார் பொறுப்பு என்ற மூன்றையும் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “டூரிஸ்ட் விசாவில் வாங்க, இங்கே பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால், அந்த நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணோடு பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இந்தியாவிலிருந்து நேராகத் தான்சானியா போனால் அது கேட்கப்படாமல் போகலாம். ஆனால் எத்தியோப்பியா, கென்யா வழியாக வந்து அங்கே விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். வாரக்கடைசியில் நைரோபிக்கோ உகாண்டாவுக்கோ ஒரு நடை போய்விட்டு அப்படியே ஊர் திரும்பினால் இந்தியாவில் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தல். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். ஆகவே கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கக் கூடாது.

பெட்டியில் எது, எது வேண்டாம்

தான்சானியாவில் மின்சாரம் நம் ஊர் போல 230 வோல்ட்தான், பிளக்தான் வேறு. பிரிட்டிஷ் பாணியில் தட்டையான மூன்று கால் கொண்டது. பிளக் மாற்றி (அடாப்டர்) இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் எங்காவது மறந்து போகும். கடை பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜூன் முதல் நாடு முழுக்கத் தடை, பயணிகளின் பெட்டியில் இருப்பதும் அதில் அடக்கம். சோப்பு, பேஸ்ட் போட்டு வைக்கும் ஜிப் பையை விட்டுவிடுவார்கள்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று மெல்லிய துணியாக அடுக்காதீர்கள். அருஷா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. மார்ச் முதல் மே வரை பெருமழை, அப்போது மண் பாதையில் செருப்பு ஒட்டிக்கொள்ளும், கெட்டியான ஷூ வேண்டும். பெண்களுக்குச் சுடிதார் மிகப் பொருத்தம்: தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். தலைவிளக்கு ஒன்று, பவர் பேங்க் ஒன்று. புளி, தேங்காய், பருப்பு எல்லாம் அங்கேயே கிடைக்கும், சாம்பார் பொடியும் ஊறுகாயும் மட்டும் போதும்.

இறங்கிய நாள்

கிளிமஞ்சாரோ விமான நிலையம் மோஷிக்கும் அருஷாவுக்கும் நடுவே வெட்டவெளியில் இருக்கிறது. மோஷி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வாசலில் மினிபஸ் எதுவும் நிற்காது. நிறுவனம் ஆள் அனுப்புகிறதா என்று முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். ஓட்டுநரின் பெயரையும் எண்ணையும் காகிதத்தில் எழுதி வையுங்கள், உங்கள் இந்திய சிம் அங்கே எடுக்காமல் போகலாம். இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது தான்சானியா, உடம்புக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் வருடம் முழுக்க மாலை ஆறரை, ஏழுக்குள் இருட்டிவிடும். அதுவும் சட்டென்று. முடிந்தால் பகலில் போய்ச் சேரும் விமானமாகப் பாருங்கள்.

அன்று செய்ய வேண்டியது மூன்றே: வீட்டாருக்குத் தகவல், கொசுவலை சரியா என்று பார்ப்பது, தூக்கம்.

பணமும் போனும்

டாலர் கொண்டுபோனால் 2009க்குப் பிறகு அச்சான, மடிப்பும் கிறுக்கலும் இல்லாத நோட்டுகளாக இருக்கட்டும். பழைய நோட்டை வங்கியே திருப்பித் தரும். 50, 100 டாலர் நோட்டுகளுக்குச் சிறு நோட்டுகளை விட நல்ல விலை கிடைக்கும். மாற்றப் பாஸ்போர்ட் கேட்பார்கள். உள்ளூர்ச் செலவுகளுக்கு வெளிநாட்டுப் பணத்தில் விலை சொல்வதையும் வாங்குவதையும் 2025இல் தடை செய்துவிட்டார்கள், ஆகவே கையில் ஷில்லிங் வேண்டும். இருப்பதிலேயே பெரிய நோட்டு 10,000 ஷில்லிங். காய்கறிக் கடையில் அதை நீட்டினால் “சில்லறை இல்லை” என்பார்கள். 1,000, 2,000 நோட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் கைரேகையும் கட்டாயம். தெருவில் குடை போட்டு விற்கிறவரிடம் வாங்காமல் வோடாகாம், ஏர்டெல், யாஸ், ஹாலோடெல் இவற்றில் ஒன்றின் கடைக்கே போங்கள். கைரேகை பதியவில்லை என்று திரும்பத் திரும்ப விரலை வைக்கச் சொன்னால், உங்கள் பெயரில் இன்னொரு சிம்மும் பதிவாகியிருக்கலாம். *106# அழுத்தினால் உங்கள் அடையாளத்தில் எத்தனை எண் என்று தெரிந்துவிடும்.

அதே கடையில் போன்வழிப் பணக் கணக்கையும் திறந்துவிடுங்கள். வோடாகாமில் அது எம்-பேசா, *150*00# அழுத்தினால் பட்டியல் வரும். மின்கட்டணம், பஸ் டிக்கெட், வீட்டு வாடகை எல்லாம் இதில்தான் ஓடுகிறது. பணம் போடவும் எடுக்கவும் தெருவுக்குத் தெரு ‘வகாலா’ என்ற முகவர் இருப்பார். போடுவதற்குக் கட்டணம் இல்லை, எடுப்பதற்கு உண்டு. ஆகவே சின்னச் சின்னதாக எடுக்காமல் மொத்தமாக எடுங்கள்.

சிம் போட்ட சில நாளில் ஒரு குறுஞ்செய்தி வரும்: “இலே பேசா துமா க்வேன்யே நம்பா ஹீ”. ‘அந்தப் பணத்தை இந்த எண்ணுக்கு அனுப்பு’ என்று பொருள். நாடு முழுக்கத் தெரிந்த மோசடி இது. யாரோ ஒருவர் நிஜமாகவே யாருக்கோ பணம் அனுப்பவிருந்த நேரத்தில் இது வந்துவிட்டால் ஏமாந்துவிடுவார் என்ற கணக்கு. உங்கள் வீட்டு உரிமையாளர் உங்களிடம் வாடகை கேட்டிருக்கும் வாரத்தில் வந்தால் நீங்களும் அனுப்பிவிடுவீர்கள். எண்ணைக் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ஷில்லிங்கும் நகர வேண்டாம்.

மணி பார்ப்பது

நாட்டு மொழியான சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, நம் நாழிகைக் கணக்கைப் போலவே. காலை 7 மணி அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது முதல் மணி. 9 மணி ‘சா தாத்து’, மூன்றாம் மணி. நண்பகல் 12 ‘சா சித்தா’, ஆறாம் மணி. கடிகாரத்தில் சின்ன முள் காட்டும் எண்ணுக்கு நேர் எதிரே இருப்பதைப் படித்தால் சுவாஹிலி மணி.

சுவாஹிலியில் பேசும்போது எப்படியும் யாராவது விளக்கிவிடுவார்கள். தொல்லை ஆங்கிலத்தில்தான். தலைமையாசிரியர் சுவாஹிலியில் நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் “நாளைக்கு டூ ஓ கிளாக் வாங்க” என்பார், அவர் சொல்வது காலை எட்டு. எந்த நேரம் சொன்னாலும் “அசுபுஹி?” என்று, அதாவது காலையா என்று திருப்பிக் கேளுங்கள். ‘ம்சானா’ பகல், ‘ஜியோனி’ மாலை, ‘உசிகு’ இரவு. பஸ் டிக்கெட்டில் கையால் எழுதிய மணியையும் இப்படியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வீட்டில்

மின்சாரம் முன்பணம் கட்டி வாங்குவது. ‘லூக்கு’ என்பார்கள். போனில் பணம் கட்டினால் 20 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். இரவில் விளக்கு அணைந்தால் முதலில் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அங்கே எரிந்தால் உங்கள் யூனிட் தீர்ந்திருக்கிறது. விடுதியில் பலர் சேர்ந்திருந்தால் யார் எப்போது கட்டுவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள், வெந்நீர் ஹீட்டர் எல்லாவற்றையும் விழுங்கும்.

குழாய்த் தண்ணீர் சில நாள் வராது. கறுப்பு ‘சிம்டேங்க்’ தொட்டி இருக்கிறதா, எத்தனை வாளி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடிக்க, நன்றாகக் குமிழியிட்டுக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். பல் தேய்ப்பதற்கும் அதே தண்ணீர்.

துவைத்த துணியைப் புல்லிலோ புதரிலோ உலர்த்தாதீர்கள். ஈரத் துணியில் முட்டையிடும் ஒரு வகை ஈ உண்டு. பொரிந்த புழு தோலுக்குள் போய்க் கொப்புளமாகும். கொடியில் போட்டாலும் உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் இரு பக்கமும் சூடாக இஸ்திரி போடுவது நல்லது. மண் தரையில் வெறுங்காலுடன் நடந்தால் ‘ஃபுன்சா’ என்ற மணல் தெள்ளுப்பூச்சி கால்விரலில் ஏறும்.

மலேரியா

நம் ஊரில் மலேரியா என்றால் குளிர், காய்ச்சல், மாத்திரை, ஒரு வாரத்தில் எழுந்து உட்காருவது. அந்த அனுபவத்தை இங்கே நம்பாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இருப்பது பால்சிபேரம் வகை. ஓரிரு நாளில் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. குளோரோகுயின் அதற்கு எடுபடாது. சின்ன வயதில் மலேரியா வந்து போனவருக்கும் அதனால் பாதுகாப்பு இல்லை.

தடுப்பு மாத்திரைகளில் மூன்று வழக்கம். மூன்றுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில்: போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கித் தினமும், திரும்பிய பின் 7 நாள். விலை அதிகம், எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம்: அதே போல் தொடங்கித் தினமும், ஆனால் திரும்பிய பின் 4 வாரம். மலிவு. வெயிலில் தோல் சிவக்கும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணியாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. மெஃப்ளோகுயின்: வாரம் ஒன்று, இரண்டு வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு இருந்தவர்கள் தொடக் கூடாது. ஊர் திரும்பிய மறுநாள் மாத்திரையை நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கல்லீரலில் இருக்கும் கிருமி அதன் பிறகும் இரத்தத்துக்கு வரும்.

மாத்திரை போட்டாலும் வலை வேண்டும். இந்தக் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள், கையோ காலோ வலையை ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடிக்கும். ஓட்டையைத் தைத்துவிடுங்கள். 30 சதவீத டீட் (கொசுவிரட்டி மருந்து) கொண்ட பூச்சு மாலையில் கணுக்காலுக்கு முக்கியம். பகலில் வெயில் களிம்பும் பூசுவதானால் களிம்பு முதலில், டீட் அதன் மேல்.

கொசு கடித்து 7 நாளுக்குள் மலேரியா காய்ச்சல் வருவதில்லை. ஆகவே வந்திறங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் பெரும்பாலும் வேறு ஏதோ. ஒரு வாரத்துக்குப் பின் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றே விரல்நுனி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சிறு மருந்தகங்களில்கூட நடக்கும். உறுதியானால் தரும் மாத்திரைக்கு ‘ஆலு’ என்று பெயர். பெரியவர்களுக்கு வேளைக்கு 4, மூன்று நாளில் 6 வேளை, மொத்தம் 24. பால், முட்டை போல் கொழுப்புள்ள எதையாவது சாப்பிட்டு விழுங்கினால்தான் உடம்பில் சேரும். இரண்டாம் நாளே நன்றாகிவிட்டதென்று மிச்சத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். ஊர் திரும்பிச் சில மாதம் வரை காய்ச்சல் வந்தால் “ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்” என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கேட்காமல் டெங்கு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சாப்பாடு

உகாலி என்ற மக்காச்சோளமாவுக் களி, ‘வாலி’ என்ற சோறு, ‘மஹராகே’ என்ற பீன்ஸ் குழம்பு, ‘ம்சிச்சா’ என்ற கீரை, சப்பாத்தி. நமக்குப் பழக அதிக நாள் ஆகாது. வலது கையால்தான் சாப்பிடுவார்கள், சாப்பிடும் முன் ஒருவர் செம்பிலிருந்து உங்கள் கையில் தண்ணீர் ஊற்றுவார்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘ம்போகா’ என்றால் காய்கறி என்று அகராதி சொல்லும். பேச்சில் அது உகாலிக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவும், கறியும் சேர்த்து. ஆகவே “ம்போகா போதும்” என்றால் மாட்டிறைச்சி வரக்கூடும். “சீலி ந்யாமா, சீலி சமாகி” என்று, இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று சொல்லுங்கள். முட்டையும் இல்லையென்றால் “சீலி மாயாய்”. கீரையில் ‘டகா’ என்ற பொடிக் கருவாடு கலந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள், பலர் அதை மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. மோஷிப் பக்கத்து ‘ம்டோரி’ வாழைக்காய்க் கஞ்சி போலத் தெரியும், இறைச்சிச் சாறு அது.

முதல் வாரம் பச்சை வெங்காயம் தக்காளி போட்ட ‘கச்சும்பாரி’யையும் ஐஸ் போட்ட பழச்சாற்றையும் தள்ளி வையுங்கள். தெருவோரம் சமைத்துப் போடும் அம்மாக்களின் கடையில் கொதிக்கக் கொதிக்க வாங்கிச் சாப்பிடுவது ஹோட்டல் பஃபேயை விடப் பாதுகாப்பு. வயிறு போனால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள். மலத்தில் இரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் மருத்துவமனை.

வணக்கம் சொல்வது

கடைக்குப் போய் நேராக “பால் எவ்வளவு?” என்று கேட்பது இங்கே முரட்டுத்தனம். முதலில் “ஹபாரி?”, அவர் “ந்சூரி” என்பார், பிறகு வீடு, வேலை எல்லாம் எப்படி என்று ஓரிரு வரி, அப்புறம்தான் பால். பெரியவர்களைக் கண்டால் “ஷிக்கமோ”. அவர்கள் “மரஹபா” என்று ஏற்றுக்கொள்வார்கள். இளைஞர்கள் “மாம்போ?” என்றால் “போவா”. யாராவது தடுக்கி விழுந்தாலும், மூட்டை சுமந்து வந்தாலும், துக்கம் என்றாலும் “போலே” சொல்ல வேண்டும். பேர் சொல்லி அழைப்பது குறைவு: வயதான பெண் ‘பிபி’, வயதான ஆண் ‘பாபு’, பிள்ளை பெற்றவரைப் பிள்ளையின் பேரோடு சேர்த்து ‘மாமா’, ஆசிரியரை ‘ம்வாலிமு’. அண்ணன், அக்கா என்று அழைத்துப் பழகிய வாய்க்கு இதில் சிரமமே இல்லை.

உங்களை ‘ம்ஹிந்தி’ என்பார்கள். தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கும் குஜராத்தி வம்சாவளியினரைக் குறிக்கும் சொல் அது. வெள்ளைக்காரத் தன்னார்வலருக்குக் கிடைக்கும் முதல்நாள் கவனம் உங்களுக்குக் கிடைக்காது, வியாபாரி என்றே நினைப்பார்கள். கோபப்பட ஒன்றுமில்லை. சந்தையில் பேரம் பேசுவது எளிதாகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாலை

மினிபஸ்ஸுக்குப் பெயர் ‘டாலாடாலா’. இறங்க “ஷூஷா!” என்று நடத்துனரிடம் குரல் கொடுங்கள். கட்டணத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுச் சில்லறையாகக் கொடுத்தால் தகராறு இல்லை. ஆட்டோவுக்கு ‘பஜாஜி’ என்றே பெயர், இந்தியாவிலிருந்து வந்த வண்டிதான். வாகனங்கள் நம் ஊர் போல இடப்பக்கம் போகும்.

வாடகை மோட்டார் சைக்கிளான போடாபோடாவை இரவிலும் மழையிலும் தவிருங்கள். தன்னார்வலருக்குப் பெரிய காயம் நேர்வது பாம்பாலோ சிங்கத்தாலோ அல்ல, இதில்தான். ஹெல்மெட் இல்லாமல் விழுந்தால் பல பயணக் காப்பீடுகள் கை விரித்துவிடும். அவசர எண் 112. இந்தியத் தூதரகம் தார் எஸ் சலாமில் இருக்கிறது, எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.

வேலையிடம்

முதல் மூன்று நாள் பார்வையாளராக இருக்க அனுமதி கேளுங்கள். யார் யாரிடம் பதில் சொல்ல வேண்டும், சாவி யாரிடம், பத்து மணித் தேநீருக்குப் பிறகு உண்மையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் சுவாஹிலியில், உயர்நிலைப் பள்ளி தொடங்கியதும் ஆங்கிலத்தில். அந்த மாற்றத்தில் தடுமாறும் முதலாண்டு மாணவர்களுக்குத்தான் உங்கள் ஆங்கிலம் அதிகம் பயன்படும். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் அந்த வகுப்பைக் கேளுங்கள். பிரம்படி இங்கே சட்டப்படி உண்டு, முதல் வாரத்திலேயே கண்ணில் படும். மாணவர் முன் ஆசிரியரிடம் வாதிட்டால் இருவருக்கும் நட்டம். உங்கள் வகுப்பில் பிரம்பு இல்லை என்று தொடங்கி, மற்றதைத் தலைமையாசிரியரிடம் தனியே பேசுங்கள்.

மருத்துவமனைப் பணி என்றால், நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்களைக் குத்திவிட்டால் என்ன ஏற்பாடு என்பதை முதல் நாளே கேளுங்கள். குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், அழுத்திப் பிதுக்க வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். மருந்துப் பெட்டியின் சாவி வாரக்கடைசியில் யாரிடம் என்பது வரை விசாரித்து வையுங்கள். பயிற்சி இல்லாத எந்தச் சிகிச்சையையும் “கத்துக்கலாம், செய்யுங்க” என்று நீட்டினாலும் செய்யாதீர்கள்.

அனாதை இல்லங்களைப் பற்றி எங்கள் கருத்து கடுமையானது: சில வாரம் வந்து குழந்தைகளோடு விளையாடிவிட்டுப் போகும் திட்டமென்றால் சேராதீர்கள். அங்கிருக்கும் பல குழந்தைகளுக்குப் பெற்றோர் உண்டு. தன்னார்வலர் தரும் கட்டணம்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைக்கக் காரணமாகிறது. எங்கே வேலை செய்தாலும் குழந்தைகளின் படத்தை நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் இணையத்தில் போட வேண்டாம்.

பத்து நாளுக்குள் யாராவது பள்ளிக் கட்டணம், மருந்துச் செலவு என்று பணம் கேட்பார்கள். நிஜத் தேவையாகவே இருக்கும். கையில் கொடுத்தால் மறுநாள் வேறு ஐந்து பேர், உங்களுக்குப் பின் வருபவரிடம் பத்துப் பேர். “நிறுவனத்தில் கேட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லி, உண்மையிலேயே கேளுங்கள். கொடுப்பதென்று முடிவானால் பள்ளியின் கணக்கிலோ மருந்தகத்திலோ நேராகக் கட்டி ரசீது வாங்கி, அதன் நகலை நிறுவன அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.